ஜன்னியில் பிறந்த கணக்கு: சி ப்ளஸ் ப்ளஸ் டெம்ப்ளேட் வந்த கதை

திரெட் கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

1976. சோவியத் யூனியனில் ஓர் ஆஸ்பத்திரி. பச்சை மீன் சாப்பிட்டு ஃபுட் பாய்சன் ஆன ஓர் இளைஞர் அட்மிட் ஆகியிருக்கிறார். நிலைமை மோசமாகி ஜன்னி கண்டுவிட்டது. நாங்கள் டெலீரியம் என்போம்.

அந்த ஜன்னியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அதன் நீட்சிதான் இன்று உங்கள் சிடி ஸ்கேனை முப்பரிமாணத்தில் காட்டும் சாஃப்ட்வேர் வரை வந்து நிற்கிறது.

அவர் பெயர் அலெக்சாண்டர் ஸ்டெபனாவ். மாஸ்கோவில் பிறந்து, கணிதம் படித்து, புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர். பின்னாளில் ஒரு பேட்டியில் இந்தக் கதையை அவரே சொல்லிவிட்டு, தன்னுடைய நூலகம் பாக்டீரியா தொற்றால் வந்த விளைவு என்று சிரித்துக்கொண்டார்.

"டாக்டருக்கு எதுக்கு சாமி கம்ப்யூட்டர் வேலை"ன்னு கேட்பீங்க. எம்பிபிஎஸ் படிச்சவன் தொடக்கூடாத கதை இல்லை இது. ஆரம்பமே ஆஸ்பத்திரி பெட்டில்தானே.

ஜன்னி கண்ட நோயாளியை நாங்கள் எப்படிச் சோதிப்போம் தெரியுமா? "நூறிலிருந்து ஏழு ஏழா கழிச்சுச் சொல்லுங்க" என்போம். 93, 86, 79... கவனம் சிதறியிருந்தால் ரெண்டாவது மூணாவது படியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட நிலையில் ஸ்டெபனாவுக்குத் தோன்றியது கூட்டலைப் பற்றி. பல எண்களை ஒரே நேரத்தில் பல பேர் பிரித்துக்கொண்டு கூட்ட முடிகிறதே, அது ஏன்? கூட்டலுக்குச் சேர்ப்புப் பண்பு இருப்பதால்.

எட்டாம் வகுப்புக் கணக்கு ஞாபகம் வருதா? (அ + ஆ) + இ என்பதும் அ + (ஆ + இ) என்பதும் ஒன்றுதான். பரீட்சையில் ரெண்டு மார்க் வாங்கிவிட்டு மறந்துபோன விஷயம்.

ஆஸ்பத்திரி வழக்கத்தில் சொல்கிறேன். ராத்திரி சென்சஸ் எடுக்கணும். எட்டு வார்டு, எட்டு எண்கள். ஒரே ஆள் உட்கார்ந்து கூட்டினால் ஏழு கூட்டல், ஒன்றன்பின் ஒன்றாக. நாலு பேர் இருந்தால் ஆளுக்கு ரெண்டு வார்டைக் கூட்டி நாலு எண் ஆக்கலாம். அதை ரெண்டு பேர் கூட்டி ரெண்டு ஆக்கலாம். கடைசியில் ஒருவர் ஒன்றாக்கலாம். மூணே சுற்று. 1024 எண்கள் இருந்தால்? ஒரே ஆளுக்கு 1023 படிகள். ஆட்கள் போதுமான அளவு இருந்தால் 10 சுற்று.

இப்படிப் பிரித்துக் கொடுக்கலாம் என்ற தைரியம் சேர்ப்புப் பண்பிலிருந்து வருகிறது. கழித்தலுக்கு அது கிடையாது. (100 − 7) − 7 என்றால் 86. 100 − (7 − 7) என்றால் 100. கழித்தலைப் பங்கு போட்டுச் செய்ய முடியாது.

சராசரிக்கும் கிடையாது, இங்கேதான் நிறைய பேர் சறுக்குவார்கள். ஒரு வார்டில் 2 நோயாளிகள், சராசரியாக 10 நாள் தங்கினார்கள். இன்னொரு வார்டில் 8 பேர், சராசரி 5 நாள். ரெண்டு சராசரிக்கும் சராசரி எடுத்தால் 7.5 வரும். உண்மையில் மொத்தம் 60 நாள், 10 பேர், ஆக 6. மாதாந்திர ரிப்போர்ட்டில் "சராசரிகளின் சராசரி" வந்தால் சந்தேகப்படுங்கள். மொத்த நாள், ஆள் எண்ணிக்கை இரண்டையும் ஜோடியாகத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டி, கடைசியில் ஒரே தடவை வகுத்தால் சரியாக வந்துவிடும். ஏன்னா அந்த ஜோடியைக் கூட்டுவதற்குச் சேர்ப்புப் பண்பு உண்டு.

சரி, ஸ்டெபனாவ் பிடித்த நுனி என்ன? பிரித்துக் கூட்டும் அந்த முறைக்கு எண்களே தேவையில்லை. எண்ணின் இடத்தில் காய்ச்சல் அளவை வைத்து, கூட்டலின் இடத்தில் "ரெண்டில் எது அதிகம்" என்று வையுங்கள், வேலை செய்யும். கேஸ் ஷீட் தாள்களை வைத்து "ஒன்றின் பின் ஒன்றை ஒட்டு" என்று வையுங்கள், அதுவும் வேலை செய்யும். அந்த முறை கேட்பது ஒரே ஒரு தகுதி: சேர்ப்புப் பண்பு.

ஆக ஒரு செய்முறையை எழுதும்போது, "எந்தப் பொருளுக்கு எழுதுகிறேன்" என்று யோசிப்பதை விட்டுவிட்டு, "இது வேலை செய்ய அந்தப் பொருளிடம் குறைந்தபட்சம் என்ன இருந்தாக வேண்டும்" என்று கேட்க வேண்டும். ஜெனரிக் புரோகிராமிங்கின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். "ஒரு தடவை எழுதி எல்லாத்துக்கும் பயன்படுத்தலாம்" என்று காலேஜில் சொல்லித்தருவது அதன் பக்க விளைவு.

இனி அந்தக் காலத்து நிலவரத்தைப் பார்ப்போம்.

புரோகிராம் எழுதும் மொழிகளில் ஒரு வகை, கம்பைல் செய்யப்படுபவை. நாம் எழுதுவதை முன்கூட்டியே முழுசாக இயந்திர மொழிக்கு மாற்றிவிடும் சாஃப்ட்வேர்தான் கம்பைலர். சி மொழி அப்படிப்பட்டது. அதில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு டைப் உண்டு: முழு எண், தசம எண், எழுத்து என்று. முழு எண்களை வரிசைப்படுத்த எழுதிய புரோகிராம் தசம எண்களை வரிசைப்படுத்தாது. மறுபடி எழுதணும்.

இதற்குச் சி மொழி வைத்திருந்த வழி வாய்டு பாயிண்டர். லேபிள் கிழித்த சாம்பிள் பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரத்தமா, சிறுநீரா, சளியா என்று பாட்டிலுக்குத் தெரியாது. லேபில் இருப்பவர் "இது ரத்தம்தான்" என்று நம்பி டெஸ்ட் போடுவார். நம்பிக்கை தப்பினால் ரிசல்ட்டும் தப்பு, யாரும் எச்சரிக்கவும் மாட்டார்கள். வேகமும் குறைவு. 10 லட்சம் எண்களை வரிசைப்படுத்த ஏறக்குறைய 2 கோடி ஒப்பீடுகள் தேவை. லேபிள் இல்லாததால் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் "எது பெரிசு" என்று வெளியே ஓர் ஆளைக் கூப்பிட்டுக் கேட்கணும்.

வேறு மொழிகளில் நல்ல தீர்வுகள் இருந்தன. எம்எல், சிஎல்யு, ஆடா எல்லாம் ஆளுக்கொரு வழியில் டைப்பை வெற்றிடமாக விட அனுமதித்தன. ஆனால் உலகம் சி பின்னால் போய்க்கொண்டிருந்தது.

பெல் லேப்ஸில் யார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் என்ற டென்மார்க்காரர் 1979ல் சி மொழியை ஒட்டி ஒரு புது மொழியைத் தொடங்கினார். முதலில் "வகுப்புகளோடு சி" என்று பெயர், 1983ல் சி ப்ளஸ் ப்ளஸ் ஆனது. டைப்பை வெற்றிடமாக விடும் வசதி வேணும் என்று அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். நேரமில்லாமல் தள்ளிப்போட்டு, மேக்ரோ என்ற ஒட்டுவேலையை வைத்துச் சமாளித்தார். மேக்ரோ என்பது ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை ஒட்டும் கத்தரிக்கோல் வேலை. அதற்கு அர்த்தம் தெரியாது, டைப்பும் தெரியாது.

1988ல் டென்வரில் நடந்த மாநாட்டில் தன் டெம்ப்ளேட் வடிவமைப்பைக் கட்டுரையாகக் கொடுத்தார். 1990ல் வந்த அவருடைய விளக்க நூலில்கூட அது பரிசோதனை நிலை என்றுதான் இருந்தது.

நம்ம ஊரில் "டெம்ப்ளேட்"னா அரைச்ச மாவையே அரைக்கும் சினிமாக் கதை. இங்கே அர்த்தம் வேற. அச்சடிச்ச டிஸ்சார்ஜ் சம்மரி படிவத்தை நினைச்சுக்கோங்க. பெயர், வயசு, நோய் என்ற இடங்கள் காலி. நீங்கள் "முழு எண்" என்று சொன்னால், கம்பைலர் காலியிடங்களில் எல்லாம் முழு எண் என்று நிரப்பி, ஒரு தனி புரோகிராமையே எழுதிக்கொள்ளும். "தசம எண்" என்றால் இன்னொன்று. லேபிள் எங்கேயும் கிழியாது. ஒப்பீடு எப்படி என்று அந்த இடத்திலேயே தெரிவதால், வெளியே ஆளைக் கூப்பிடாமல் அதையும் உள்ளேயே எழுதிவிடும். வேகம் அங்கிருந்துதான் வருகிறது. நகல்கள் கூடினால் புரோகிராம் பருத்துப்போகும், கம்பைல் ஆக நேரம் பிடிக்கும். இலவசமாக எதுவும் இல்லை.

படிவத்தில் ஒரு விசேஷமும் உண்டு. குழந்தைக்குப் பாராசிட்டமால் டோஸ் பொதுவாகக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்குப் போடுவோம். இதே சூத்திரம் 3 வயசுக்கும் 8 வயசுக்கும் ஓடும். பிறந்து 28 நாள் ஆகாத சிசுவுக்கு ஓடாது. அதன் கல்லீரல் இன்னும் முதிரவில்லை, அளவும் இடைவெளியும் தனியாகப் பார்க்கணும். அதனால் அவர்களுக்குத் தனிப் பக்கம். (இதை வச்சு வீட்ல டோஸ் கணக்கு போட்டீங்கன்னா கோவம் வரும். உங்க டாக்டரைக் கேளுங்க.) டெம்ப்ளேட்டிலும் அப்படி, ஒரு குறிப்பிட்ட டைப்புக்கு மட்டும் தனிப் பக்கம் எழுதலாம். ஸ்பெஷலைசேஷன் என்பார்கள்.

இந்தத் தனிப் பக்கத்தைத் தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மொழியிலேயே நிரந்தரச் சாட்சி ஒன்று இருக்கிறது. வெக்டர் என்பது வரிசையாகப் பொருட்களை அடுக்கும் பெட்டி. "ஆம் / இல்லை" என்ற பூல் டைப்பை அதில் வைக்கும்போது இடம் மிச்சம் பிடிக்க, எட்டு ஆம்-இல்லைகளை ஒரே பைட்டில் திணிக்கும்படி தனிப் பக்கம் எழுதினார்கள். மற்ற எல்லா வெக்டரிலும் ஒரு பொருளை நேரடியாகச் சுட்டிக்காட்டலாம், இதில் முடியாது. எல்லா டைப்புக்கும் ஓடும் புரோகிராம் இந்த ஒரு டைப்பில் மட்டும் இடறும். 1998ல் தரநிலைக்குள் போனது, இன்னும் அங்கேயே இருக்கிறது. எடுத்தால் பழைய புரோகிராம்கள் உடையும் என்ற பயம். சிக்கனத்துக்காக வாக்குறுதியை மீறின தனிப் பக்கம் என்பது என் தீர்ப்பு.

மறுபடி ஸ்டெபனாவிடம் வருவோம். 1977ல் அவர் அமெரிக்கா போய்விட்டார். நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி அருகே ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சி மையத்தில் வேலை. அங்கே டேவிட் மஸ்ஸர், தீபக் கபூர் இருவரோடு சேர்ந்து டெக்டான் என்ற மொழியை உருவாக்கினார். பெரிசாக யாரும் பயன்படுத்தவில்லை. பிறகு ஸ்கீம் மொழியில் முயன்றார். மஸ்ஸரோடு சேர்ந்து ஆடா மொழியில் ஒரு நூலகம் எழுதினார். ஆடா பரவலாகவில்லை, நூலகமும் அதோடு நின்றது.

இந்தப் பகுதியைப் பத்தி வேகமா ஓட்டலாம், ஆனா பத்து வருஷத்துக்கு மேலங்க அது. கையில் சரியான யோசனை. அதைச் சொல்ல ஏத்த மொழி இல்லை.

1987ல் பெல் லேப்ஸுக்கு வந்தார். டெம்ப்ளேட்டின் வடிவமைப்பு அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரூஸ்ட்ரப்போடு ஒரு விஷயத்தில் முட்டிக்கொண்டார். ஆடாவில் ஒரு பொதுச் செய்முறையை எந்த டைப்புக்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும். அதுதான் ஒழுங்கு என்றார் ஸ்டெபனாவ். "தேவையில்லை, கொடுக்கும் பொருளைப் பார்த்துக் கம்பைலரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும்" என்றார் ஸ்ட்ரூஸ்ட்ரப். மொழி ஸ்ட்ரூஸ்ட்ரப் வழியில் போனது. அவர் சொன்னதுதான் சரி என்று ஸ்டெபனாவ் பிற்பாடு ஒத்துக்கொண்டார். செய்முறைக்குள் செய்முறை என்று அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் இண்டென்ட் எழுதிக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா? அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும்.

1988ல் எச்பி ஆராய்ச்சிக்கூடம். அங்கே 1992 வாக்கில்தான் பழைய கனவுக்கு மறுபடி நேரம் கிடைத்தது. மெங் லீ என்ற சக ஆராய்ச்சியாளர் தோள் கொடுத்தார். இருவரும் சி ப்ளஸ் ப்ளஸ் டெம்ப்ளேட்டில் பெரிய நூலகம் ஒன்றை எழுதினார்கள்.

இந்த நேரத்தில் சி ப்ளஸ் ப்ளஸ் மொழியின் தரநிலைக் குழு முதல் தரநிலையை இறுதி செய்துகொண்டிருந்தது. கதவு மூடப்போகும் நேரம். பெல் லேப்ஸ் நாட்களில் பழக்கமான ஆண்ட்ரூ கோனிக் கூப்பிட்டு, குழுவிடம் வந்து விளக்கச் சொன்னார். 1993 நவம்பரில் சான் ஹோசே நகரில் ஸ்டெபனாவ் பேசினார். கூட்டம் அசந்துவிட்டது. அசந்தால் போதுமா? முறையான முன்மொழிவு எழுத வேண்டும், சில மாதங்களுக்குள். மொழியிலேயே சில மாற்றங்கள் தேவைப்பட்டன. உட்கார்ந்து எழுதினார்கள். 1994 மார்ச்சில் சான் டியாகோ கூட்டத்தில் விவாதம், ஜூலையில் கனடாவின் வாட்டர்லூவில் ஒப்புதல். ஆகஸ்டில் எச்பி அந்த நூலகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் இலவசமாக வைத்தது. டெம்ப்ளேட் பரவியதில் இந்தக் கடைசி முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். காசு கேட்டிருந்தால் ஆளாளுக்கு அரைகுறையாக ஒன்று எழுதியிருப்பார்கள்.

அவசரத்தில் விட்டுப்போனதும் உண்டு. ஹாஷ் டேபிள், அதாவது பெயரைக் கொடுத்தால் தேடாமல் நேரே போய் எடுத்துத் தரும் அமைப்பு, நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே நின்றது. 2011ல்தான் உள்ளே வந்தது.

அந்த நூலகத்தின் பெயர் ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட் லைப்ரரி, சுருக்கமாக எஸ்டிஎல். அதன் அழகை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். பொருட்களை வைக்கும் பெட்டி வகைகள் 10, செய்முறைகள் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு செய்முறையை எழுதினால் 200 புரோகிராம். எஸ்டிஎல் வழியில் 10 + 20 = 30 போதும்.

நடுவில் நிற்பது இட்டரேட்டர். ஓபி ரெஜிஸ்டரில் நர்ஸ் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு போவாங்க பாருங்க, அந்த விரல்தான் அது. செய்முறைக்கு ரெஜிஸ்டர் எந்தக் கம்பெனி நோட்டு என்று தெரிய வேண்டாம். விரல் என்ன செய்யும் என்று தெரிந்தால் போதும். முன்னால் மட்டும் நகருமா? பின்னாலும் வருமா? 40வது வரிக்கு ஒரே தாவலில் போகுமா? ஒவ்வொரு செய்முறையும் "எனக்கு இந்தத் திறமை உள்ள விரல் வேணும்" என்று கேட்கும். தேடுவதற்கு முன்னால் நகரும் விரல் போதும். வரிசைப்படுத்தும் சார்ட் செய்முறைக்குத் தாவும் விரல் வேண்டும்.

பார்த்தீங்களா, ஆஸ்பத்திரி பெட்டில் தோன்றிய அதே கேள்வி. குறைந்தபட்சம் என்ன இருந்தாக வேண்டும்?

ஸ்டெபனாவ் இன்னொரு விஷயத்தில் விடாப்பிடியாக இருந்தார். செய்முறை எவ்வளவு வேலை செய்யும் என்பதும் அதன் வாக்குறுதியில் சேர வேண்டும். மாரடைப்புக்கு ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதுமா? வாசலில் நுழைந்த எத்தனை நிமிஷத்தில் ஊசி ஏறும் என்பதும் சிகிச்சையின் பகுதிதானே. அந்த மாதிரி.

இது என் துறைக்கு எப்படி வந்தது?

1999ல் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் பணம் கொடுத்து, மருத்துவப் படங்களைப் பகுப்பாய்வு செய்ய ஒரு திறந்த மூல நூலகம் எழுதச் சொன்னது. இன்சைட் டூல்கிட், சுருக்கமாக ஐடிகே. பல பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் சேர்ந்த குழு. அதில் ஒன்று ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சி மையம். ஆமாங்க, ஸ்டெபனாவும் மஸ்ஸரும் டெக்டான் எழுதிய அதே நிறுவனம்.

மருத்துவப் படம் என்றால் ஒரே வகை கிடையாது. எக்ஸ்ரே தட்டையானது, இரண்டு பரிமாணம். சிடி மூன்று. துடிக்கிற இதயத்தின் ஸ்கேன் என்றால் நேரமும் சேர்ந்து நான்கு. ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும் மதிப்பும் வேறுபடும். சிடியில் காற்று −1000, தண்ணீர் 0, எலும்பு பல நூறு. கட்டி இருக்கும் பகுதியைக் குறித்துக் காட்டும் வரைபடத்திலோ 0, 1, 2 என்ற சின்ன எண்கள் போதும். 0 முதல் 255 வரை மட்டும் கொள்ளும் டைப்பில் சிடியைத் திணித்தால் நுரையீரலின் −800 எல்லாம் காணாமல் போகும். புள்ளி டைப் இத்தனை, பரிமாணம் இத்தனை, படத்தைத் துலக்கும் ஃபில்டர் நூற்றுக்கணக்கில். பெருக்கிப் பாருங்க, ஆள் கட்டி எழுதி மாளாது.

ஐடிகே இதை டெம்ப்ளேட்டாக எழுதியது. இமேஜ் <ஷார்ட், 3> என்றால் எதிர்ம எண்ணும் கொள்ளும் முழு எண், முப்பரிமாணம். சிடிக்கு இது பொருந்தும். டைப்பையும் பரிமாணத்தையும் மாற்றினால் அதே ஃபில்டர் எக்ஸ்ரேக்கு ஓடும். 3டி ஸ்லைசர், ஐடிகே-ஸ்நாப் போன்ற இலவச சாஃப்ட்வேர்கள் இதன் மேல் நிற்கின்றன. மருத்துவ மாணவர்கள் ஸ்லைசரை இறக்கிப் பாருங்கள், உடற்கூறியல் படிக்க நல்ல சாமான்.

இங்கே டெம்ப்ளேட்டின் வலியும் தெரியும். கம்பைலர் முன்கூட்டியே எல்லா நகலையும் எழுதிவிட வேண்டும். ஆனால் திறக்கப்போகும் ஸ்கேன் ஃபைலில் எந்த டைப் இருக்கிறது என்பது திறந்த பிறகுதானே தெரியும்? அதனால் "இந்த இந்தச் சேர்க்கைகள் வரலாம்" என்று ஊகித்து எல்லாவற்றையும் செய்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. சாதாரண ஆராய்ச்சியாளர்கள் பயந்துபோனதால், டெம்ப்ளேட்டை மறைத்துவைத்த சிம்பிள் ஐடிகே என்று ஒன்று பிறகு வந்தது.

பயத்துக்குப் பெரிய காரணம் பிழைச் செய்திகள். தாவ முடியாத விரலைக் கொண்ட பட்டியலை சார்ட் செய்முறையிடம் கொடுத்தால், "இதற்குத் தாவத் தெரியாது" என்று கம்பைலர் ஒரு வரியில் சொல்லாது. நூலகத்தின் குடலுக்குள் எங்கேயோ ஏதோ பொருந்தவில்லை என்று பக்கம் பக்கமாகக் கொட்டும். வயித்துவலின்னு வந்தவருக்கு, முழு உடம்பு செல்களின் லிஸ்டைக் கையில் கொடுத்த மாதிரி.

காரணம் எளிது. "தாவும் விரல் வேண்டும்" என்ற நிபந்தனை எஸ்டிஎல் கையேட்டில் எழுதியிருந்தது. அதை மொழியில் எழுத வழியே இல்லை. யோசனையின் உயிரே நிபந்தனைதான், அந்த நிபந்தனை கம்பைலருக்குத் தெரியாது!

ஒரு கூத்தும் நடந்தது. 1994ல் அதே சான் டியாகோ கூட்டத்துக்கு எர்வின் உன்ரு என்பவர் ஒரு புரோகிராம் கொண்டுவந்தார். அது கம்பைலே ஆகாது. ஆனால் அது கக்கும் பிழைச் செய்திகளில் 2, 3, 5, 7 என்று பகா எண்கள் வரிசையாக வரும். புரோகிராமை ஓட்டவே இல்லை, படிவத்தை நிரப்பும் கிளார்க்கையே கணக்குப் போட வைத்துவிட்டார். டெம்ப்ளேட்டுக்குள் இன்னொரு முழு மொழி ஒளிந்திருப்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. அதற்கப்புறம் அதை வைத்து வித்தை காட்டும் ஒரு கூட்டமே கிளம்பியது, படிக்கிறவன் கண்ணு போச்சு.

நிபந்தனையை மொழிக்குள் கொண்டுவரும் வசதிக்குக் கான்செப்ட் என்று பெயர். பல வருஷம் வேலை செய்தார்கள். ஒரு பொருள் நிபந்தனையைப் பூர்த்தி செய்கிறது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டுமா, கம்பைலரே பார்த்துத் தெரிந்துகொள்ளலாமா என்பதில் பெரிய சண்டை. பெல் லேப்ஸில் ஸ்டெபனாவும் ஸ்ட்ரூஸ்ட்ரப்பும் போட்ட அதே சண்டைதான், வேறு உடையில். 2009 ஜூலையில் பிராங்க்பர்ட் கூட்டத்தில் மொத்தத்தையும் தூக்கிவிட்டார்கள். ரொம்பவும் எளிமையாக்கிய வடிவம் 2020 தரநிலையில் வந்தது. இப்போது பட்டியலை சார்ட்டின் புதிய வடிவிடம் கொடுத்தால், தாவும் விரல் இல்லை என்று கம்பைலர் நிபந்தனையின் பெயரைச் சொல்லியே திருப்பி அனுப்பும்.

1976லிருந்து 2020. நாற்பத்துநாலு வருஷம்.

ஆனா ஒண்ணு, கான்செப்ட் பார்ப்பது வெளித்தோற்றத்தைத்தான். "கூட்டல் குறி இருக்கிறதா" என்று பார்க்கும். அந்தக் கூட்டலுக்குச் சேர்ப்புப் பண்பு உண்டா என்று கம்பைலரால் பார்க்க முடியாது. சர்டிபிகேட் இருக்கான்னு பார்க்கலாம், ஆளுக்கு வைத்தியம் தெரியுமான்னு பார்க்க முடியாது.

மருத்துவ சாஃப்ட்வேர் எழுதுகிற தம்பி தங்கைகள் யாராவது படித்தால், உங்களுக்காக ரெண்டு விஷயம்.

ஒன்று, எஸ்டிஎல்லில் அக்யூமுலேட் என்று ஒரு செய்முறை உண்டு, வரிசையாகக் கூட்டித் தரும். தொடக்க மதிப்பாக வெறும் 0 கொடுத்தால், கம்பைலர் அதைப் பார்த்து "விடை முழு எண்" என்று தானே முடிவு செய்துவிடும். 0.5 மில்லிகிராம் வீதம் நாலு டோஸ் கொடுத்த கணக்கைக் கூட்டுங்கள். 0 + 0.5 = 0.5, தசமம் வெட்டுப்பட்டு 0. அடுத்ததும் 0. மொத்தம் 0. நாலு டோஸ் உள்ளே போயிருக்கிறது, ஸ்கிரீனில் பூஜ்யம். 0.0 என்று எழுதியிருந்தால் 2 வந்திருக்கும். கம்பைலர் உங்களைத் தடுக்காது.

இன்னொன்று, கம்ப்யூட்டரின் தசம எண்கள். (0.1 + 0.2) + 0.3 என்று போட்டால் 0.6000000000000001 வரும். 0.1 + (0.2 + 0.3) என்று போட்டால் 0.6. கம்ப்யூட்டரில் தசமக் கூட்டலுக்குக் கறாரான சேர்ப்புப் பண்பு கிடையாது!

2017 தரநிலையில் ரெட்யூஸ் என்ற செய்முறை வந்தது. அக்யூமுலேட்டின் தம்பி. வித்தியாசம் என்னவென்றால், இது வேலையைத் துண்டு துண்டாகப் பல பிராசஸர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், எந்தத் துண்டை எதோடு முதலில் கூட்டுவது என்பது அதன் இஷ்டம். ஸ்டெபனாவ் படுக்கையில் கண்ட கூட்டல், நாற்பத்தொரு வருஷம் கழித்துத் தரநிலைக்குள். தசம எண்களைக் கொடுத்தால் கடைசி இலக்கங்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் லேசாக மாறலாம். ரெண்டு ரிப்போர்ட் பொருந்தவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் முன் இதைப் பாருங்கள்.

அதே ரெட்யூஸிடம் கூட்டலுக்குப் பதில் கழித்தலைக் கொடுத்தாலும் கம்பைலர் ஒரு வார்த்தை பேசாது, அழகாகக் கம்பைல் ஆகும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லி ஓட்டிவிட்டால், ஒரு தடவை ஒரு விடை சொல்லும், அடுத்த தடவை வேற விடை சொல்லும்.